தோட்டைக் கழித்து

நூற்று இருபத்தெட்டு கிலோ என்றார்
திருவனந்தபுரம் கார்கோ கவுண்டரில்.
சாரே, அவன் அறுபத்திரண்டுதான், என்றேன்.
போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது
மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு ஏறினான்.
சீட்டின் பின்பக்கம்
‘பயணத்தால் லாபம் உண்டு’ என்று அடித்திருந்தது.
மீதி அறுபத்தாறு யார்?

தலை நிமிராமல் சொன்னார்:
பலகை, தகரம், பின்னெ அறக்கப்பொடி.

எனக்கு எடை தெரியும்.
பத்தொன்பது வருஷமாய் இஞ்சிவிளை அண்டியாபீசில்
கொட்டை தல்லுகிறேன்.
தோட்டுக்குக் கூலி கிடையாது, பருப்புக்குத்தான்.
அதிலும் முழுசுக்கு ஒரு விலை,
பிளந்ததற்கு வேறு.
நொறுங்கினதை மேஸ்திரி எழுதவே மாட்டார்.
இங்கே தோட்டையும் சேர்த்து நிறுத்து
ரியாலில் வாங்கியிருக்கிறார்கள்.
அவன் அறையில் படுத்த பதினொரு பேர் பிரித்துக் கட்டினார்களாம்.
என் பங்குக்குக் காதில் கிடந்தது
குழித்துறை அடகுக்கடையில்.
தோட்டுக்குத் தோடு
சரியாய்ப் போயிற்று.

இருபத்துமூன்று நாள்.
ராத்திரி ராத்திரி வில்பிரட் கூப்பிடுவான்:
அக்கா, இன்னும் ஒரு பேப்பர் குறையுது.
போலீஸ் எழுதினது றசலையன்.
பாஸ்போர்ட்டில் றசல், தள்ளி ஐயன்.
நடுவில் கிடந்த அந்த வெற்றிடத்துக்கு மட்டும்
ஒன்பது நாள்.

விரலடையாளம் வைக்கச் சொன்னார்.
மிசின் மூன்று தடவை சிவப்பு காட்டியது.
அண்டியெண்ணெய் தின்ற விரல் சாரே, ரேகை இல்லை.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.
பேனாவைத் திறந்து தந்தார்.
‘பொருளின் தன்மை’ என்ற கட்டத்துக்குக் கீழே
என் பெயரை எழுதினேன்.

பினோயின் ஆம்புலன்ஸ். பாறசாலைக்காரன்.
பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை,
நான் பின்னால் பெட்டியோடு.
வளைவுகளில் அது நகர்ந்து என் முழங்காலை இடித்தது.
சின்னதில் ஒரே பாயில் படுக்கும்போதும் இப்படித்தான்,
உதைத்துவிட்டு
தூங்குகிறமாதிரி கிடப்பான்.

அண்டியாபீஸ் வாசலில் பெண்கள் நின்றார்கள்,
கறுத்த கைகளை உடம்பில் படாமல்
தள்ளிப் பிடித்தபடி.
எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்தால் வெந்துபோகும்.
தோளைத் தூக்கித்
தோளில் துடைத்தார்கள்.

களியக்காவிளையில் வாழைக்காய் லாரிக்குப் பின்னால் நின்றோம்.
போலீஸ்காரர் டார்ச்சோடு வந்து
எந்தா லோடு, என்று கேட்டுவிட்டு
எழுத்தைப் படித்ததும் தொப்பியைக் கழற்றினார்.
லாரி நகரவில்லை.
அவரும் போட்டுக்கொள்ளவில்லை.

படந்தாலுமூட்டில் உபதேசியார் திறக்க வேண்டாம் என்றார்.
லில்லிபாய் ஒன்றும் கேட்கவில்லை,
முகம் மட்டும் என்றாள்.
கூரைக்குத் தகரம் வெட்டும் தாசையனைக் கூட்டிவந்தார்கள்.
பலகையைக் கழற்றிவிட்டான்.
தகரத்தில் கத்தரியை வைத்ததும் அவன் கை ஆடியது.
ஓரத்தில் பிடி, தள்ளாதே,
உள்ளே தட்டும், பதுக்க, என்றேன்.
ஆடிக்கொண்டே இருந்தது.
கொண்டா, என்று வாங்கினேன்.

பத்தொன்பது வருஷம்.
ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில்.
எங்கே தட்டினால் தோடு மட்டும் விடும் என்று
இந்தக் கைக்குத் தெரியும்.

இரண்டடி வெட்டினேன்.
மருந்து வாடை. மேலே துணி, துணிக்குக் கீழே
யாருடையதோ சட்டை,
பித்தான் ஒன்று மாறிப் போட்டது.
மீசையை எடுத்திருந்தார்கள்.
முகத்தில் ஒரு கீறல் இல்லை.

லில்லிபாய் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பி
மைனி, மெலிஞ்சிட்டாங்களோ, என்றாள்.

இல்லை பிள்ளே,
அறுபத்திரண்டுதான்.